நான்கு மணி நேரத் தொலைவு

காரைக்குடிப் பக்கத்தில், ஒரு பிள்ளையைச் சிங்கப்பூருக்கும் மற்றொரு பிள்ளையைத் துபாய்க்கும் அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் பலர். இரண்டில் எது பக்கம் என்று கேட்டால், "சிங்கப்பூர்தான், நம் முன்னோர் போய்வந்த சீமையல்லவா!" என்பார்கள் பெரியவர்கள். உண்மையில், திருச்சி விமான நிலையத்திலிருந்து வான்வழியே சிங்கப்பூர் ஏறத்தாழ 2,980 கிலோ மீட்டர்; துபாய் ஏறத்தாழ 2,940. இரு திசைக்கும் பறக்கும் நேரம் சுமார் நான்கு மணிதான்.

ஆனால் கடிகாரம் வேறு கணக்குக் காட்டும். சிங்கப்பூர் நம் நேரத்திற்கு இரண்டரை மணி முந்தியது. துபாய் ஒன்றரை மணி பிந்தியது. இரவு 12 மணிக்குத் திருச்சியில் புறப்படுபவர் சிங்கப்பூரில் இறங்குகையில் அங்கே காலை 6.30. அதே வேளையில் துபாய்க்குப் புறப்பட்டவர் இறங்குகையில் அங்கே பின்னிரவு 2.30. ரமளானில் பகற்பொழுதில் கிழக்கே பறக்கும் நோன்பாளிக்குப் பொழுது விரைந்து சாயும். மேற்கே பறப்பவருக்கு நீளும். நோன்பு திறக்க, ஊர்க் கடிகாரத்தைப் பாராமல், தாம் இருக்குமிடத்தில் சூரியன் மறைவதையே பார்க்க வேண்டும்.

முன்பு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறியவர்கள் மலாயா கரை காண ஏறத்தாழ ஒரு வாரமாகும். பின்னர் சென்னையிலிருந்து ஓடிய 'சிதம்பரம்' கப்பல் 1985இல் தீவிபத்துக்குள்ளானதோடு அந்தக் கடல்வழிப் பயணமும் முடிவுற்றது. கப்பல் காலத்தில், ஊரில் மவ்த்து என்று தந்தி வந்தால், சபராளி அங்கேயே யாஸீன் ஓதி துஆச் செய்வார். ஜனாஸாவிற்கு வருவார் என்று எவரும் எதிர்பார்த்ததில்லை. அந்த எதிர்பார்ப்பை நமக்குள் விதைத்தது விமானம்தான்.

எங்கள் அத்தா ஒரு நாள் அதிகாலை 5.30 மணிக்கு இறைவனடி சேர்ந்தார்கள். சிங்கப்பூரிலிருந்த அண்ணன், "நாலு மணி நேரம்தானே, நான் வரும்வரை வைத்திருங்கள்" என்று தொலைபேசியில் அழுதார். விடுப்பு, பயணச்சீட்டு, இரண்டு மணி நேரம் முன்னதாக விமான நிலையம் என்றெல்லாம் ஆகி, இரவு 8 மணி விமானத்தில்தான் இடம் கிடைத்தது. திருச்சியில் இறங்கியபோது நம் நேரம் 9.30. சோதனைகள் முடிந்து வெளிவர ஒரு மணி நேரம். சுமார் 90 கிலோ மீட்டர்ச் சாலைக்கு இரண்டு மணி நேரம். வீட்டு வாசலில் கால் வைத்தபோது மணி 12.30. பறந்தது நான்கு மணி நேரம். வந்து சேர ஆனதோ பத்தொன்பது மணி நேரம்!

ஜனாஸாவைத் தாமதிக்கலாகாது என்று ஜமாஅத்துப் பெரியவர்கள் கூற, அஸருக்குப் பின் அடக்கம் நிறைவேறியிருந்தது. அண்ணன் எவரையும் குறை கூறவில்லை. பஜ்ரு தொழுதுவிட்டுக் கப்ருஸ்தான் சென்றவர், வெயிலேறும்வரை திரும்பவில்லை. "காத்திருந்திருக்கலாமோ?" என்று அம்மா இன்றும் கேட்பதுண்டு. எங்களிடம் விடையில்லை.

அன்புச் சகோதர சகோதரிகளே! எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைப் பெற்றோர் நலமாயிருக்கும்போதே குடும்பத்தோடு பேசி வையுங்கள். சபரிலிருக்கும் பிள்ளைகளே! நான்கு மணி நேரம்தானே என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த முகம் உங்களைப் பார்த்து மலரும் காலத்திலேயே ஒருமுறை வந்து போங்கள்.