கொக்கியை எங்கே மாட்டுவது?

கட்டட வேலையில் ஒருவர் விழுந்து இறந்தால் மறுநாள் நிர்வாகத் தரப்பில் சொல்வது இதுதான்: "பெல்ட் கொடுத்திருந்தோம், அவர்தான் மாட்டவில்லை." அதாவது நிர்வாகம் தன் கடமையைச் செய்கிறது, தொழிலாளிக்குத்தான் பொறுப்பில்லை. துறையில் பலரும் மனதார நம்பும் வாதம் இது.

பத்தில் ஒன்பது விபத்து தொழிலாளியின் தவறால்தான் என்ற கணக்கைப் பாதுகாப்பு வகுப்புகளில் இன்றும் கேட்கலாம். 1931-இல் ஹெர்பர்ட் ஹைன்ரிச் எழுதிய நூலிலிருந்து வந்தது அது. 88 சதவீதம் ஆட்களின் ஆபத்தான செயல், 10 சதவீதம் ஆபத்தான சூழல், மீதி 2 தவிர்க்க முடியாதது என்றார் அவர். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். காப்பீட்டுக் கோப்புகளையும் ஆலை முதலாளிகளின் பதிவேடுகளையும் வைத்தே கணக்குப் போட்டார். விபத்து அறிக்கையை எழுதுவது சூப்பர்வைசர் என்றால், அதில் சூப்பர்வைசர் எப்படிக் குற்றவாளி ஆவார்?

சரி, பெல்ட்டுக்கு வருவோம். ஐந்தாவது மாடித் தள விளிம்பில் சென்ட்ரிங் பலகை அடிக்கிறவரின் இடுப்பில் பெல்ட் இருக்கிறது, கொக்கியும் தொங்குகிறது. அதை எதில் மாட்டுவது? தலைக்கு மேல் வானம். பக்கத்தில் சாரத்தின் சவுக்குக் கம்பு. அதில் மாட்டினால் சாரம் சரியும்போது ஆளும் சேர்ந்தே போவார். ஆள் எடையைத் தாங்கும் கம்பிக்கயிற்றை முன்கூட்டியே இழுத்துக் கட்டுவதும், அதற்கும் முன்னால் விளிம்பில் தடுப்பு வைத்து வலை கட்டுவதும் யார் வேலை? செலவு பிடிக்கும் இவற்றைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பெல்ட்டை மட்டும் விநியோகித்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கையெழுத்துதான் பிற்பாடு சாட்சிக்கு வருகிறது.

மேலேறி வீம்பு காட்டுகிறவரும், குடித்துவிட்டு வருகிறவரும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்களே, அங்கே எந்த ஹெல்மெட் காப்பாற்றியிருக்கும்?

"ஆபத்து தெரிந்தால் சொல்லலாமே, யார் தடுத்தது?" என்பார்கள். வாயால் யாரும் தடுப்பதில்லை. ஒடிசாவிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவருக்குத் தெரிந்த நிர்வாகம் மேஸ்திரி மட்டுமே. மேஸ்திரிக்குக் கணக்கு சதுர அடியில். வேலை நின்றால் நஷ்டம் அவர் தலையில். அவருக்கு மேலே சப்-கான்ட்ராக்டர், அதற்கும் மேலே கம்பெனி. "சாரம் ஆடுது" என்று சொன்னவருக்கு அன்றைய கூலி போகலாம், மறுநாள் வேலையே போகலாம். அவர் வாய் மூடியிருப்பது அலட்சியமா? எனக்கு அது கணக்காகத்தான் தெரிகிறது.

அபராதம் போட்டால் திருந்துவார்கள் என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அபராதம் வந்ததும் ஹெல்மெட் தலைக்கு ஏறும், ஆபீசர் போனதும் இறங்கும். வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' பலகை இருந்தால் இன்னும் மோசம். ஆணி குத்திய காலுக்கு மேஸ்திரியே வெளியில் கூட்டிப்போய் ஊசி போட்டு வருவார். பலகையில் எண் ஏறிக்கொண்டிருக்கும்.

தொழிலாளி பேச்சைக் கேட்டால் வேலை ஓடாது என்பது கடைசி வாதம். 2012 ஒலிம்பிக்குக்காக லண்டனில் நடந்த கட்டுமானத்தில் பல்லாயிரம் பேர் வேலை செய்தும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. மயிரிழையில் தப்பிய விபத்துகளையும் வந்து சொல்லுங்கள் என்று அங்கே ஆட்களைத் தூண்டினார்கள். வேலையும் குறித்த காலத்தில் முடிந்தது.

நம் 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமும் இதைத்தான் எழுதி வைத்தது: 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகத்தினரைவிடக் குறையக் கூடாது. அந்த நாற்காலியில் கான்ட்ராக்டரின் ஆளை உட்கார வைக்காமல், சாரம் ஏறுகிறவரை உட்கார வையுங்கள். பயந்து வேலையை நிறுத்திய நேரத்துக்கும் கூலி உண்டு என்று அவர் மொழியில் எழுதிக் கொடுங்கள். பெல்ட் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கலாம்.