36 சதுர அடி வீடு நமக்குச் சொல்லும் கணக்கு

நாமக்கல்லைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் அருண் பிரபு, ஒரு ஆட்டோ மேல கட்டின வீட்டைப் பார்த்திருப்பீங்க. வெறும் 36 சதுர அடி. அதுக்குள்ள படுக்கை, சமையல் மேடை, டாய்லெட், தண்ணீர்த் தொட்டி, மேலே சோலார் பேனல். செலவு சுமார் 1 லட்சம் ரூபாய்.

"அப்போ ஹோம் லோன் எதுக்கு? நானும் ஒரு வேன் வாங்கி வீடா மாத்திக்கிறேன்"னு கிளம்பிடாதீங்க. சக்கரம் வெச்ச வீடு, கணக்குப்படி ஒரு வண்டிதான். வருஷா வருஷம் மதிப்பு குறையும். நிறுத்த இடம், பிடிக்கத் தண்ணி, கழிவை அகற்ற வழி, இதெல்லாம் வேணும். மே மாச வெயில்ல தகரக் கூரையை நினைச்சுப் பாருங்க!

ஆனா அந்த வீட்டோட டிசைன்ல ஒரு பாடம் இருக்கு: ஒவ்வொரு அடியும் உழைக்கணும்.

நான் 900 சதுர அடி வீட்டுக்கு 18,000 ரூபாய் வாடகை கொடுத்தேன். சதுர அடிக்கு 20 ரூபாய். அதுல 120 சதுர அடி ரூம் முழுக்க அட்டைப்பெட்டியும் பழைய சாமானும்தான். மாசம் 2,400, வருஷத்துக்கு 28,800 ரூபாய். அதே வருஷம் அம்மாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்கப் பணம் இல்லைன்னு தள்ளிப்போட்டேன்.

இப்போ ஒரு பெட்ரூம் வீடு. அடியில் டிராயர் வெச்ச கட்டில், சுவரோட மடிக்கிற மேஜை, உத்தரம் வரைக்கும் அலமாரி. வசதிக்கு எந்தக் குறையும் இல்லை. அம்மாவுக்கு பாலிசியும் எடுத்தாச்சு.

பெரிய வீடு தேடுறதுக்கு முன்னாடி, இருக்கிற வீட்டை ஒரு தடவை டேப் வெச்சு அளந்து பாருங்க.