உயிர் காப்பது எம்மொழி?

ஆங்கிலமின்றி வானூர்தி நகராது என முழங்குவார் உளர். நகர்த்துவோர் யாரென அவர் நோக்கினாரா? நிற்குமிடத்தினின்று இழுவுந்தே அதனைப் பின்தள்ளுகிறது. செவிப்பொறி அணிந்த தரைத்தொழிலாளி, தடை விடுவிக்கப்பட்டமையை வலவரிடம் கேட்டறிந்த பின்னரே தள்ளச் செய்வார். தள்ளி முடிந்ததும், முன்னுருளியின் திருப்பத்தை முடக்கியிருந்த முளையைப் பிடுங்கி, வலவர் காண உயர்த்திக் காட்டுவார். இடையே பேசும் சில சொற்கள் ஆங்கிலமாகவே இருந்து தொலையட்டும், பூசல் அதுபற்றியதன்று. அம்முளை எதற்கு, அவ்வொழுங்கு எதற்கு என்னும் விளக்கத்தையும் அவருக்கு விளங்கா மொழியில் ஓதுவதே கொடுமை.

ஆங்கிலமே காப்பு என்பார்க்கு மும்பை விடை கூறும். 2015 திசம்பர் 16இல் அங்கே, பின்தள்ளல் முடிந்து தரைத்தொழிலாளர் விலகுமுன்னரே வானூர்தி நகர்ந்தது. ஒருவர் பொறியுள் உறிஞ்சப்பட்டு மாண்டார். நகர்த்திய வலவர் ஆங்கிலம் அறியாதவரா?

பன்னாட்டுக் குடிசார் வான்செலவு அமைப்பு 2008இல் நடைமுறைப்படுத்திய மொழித்தேர்ச்சி நெறியும் வானலையில் பேசும் வலவர், கட்டுப்பாட்டாளர் போன்றோரையே கட்டும், தள்ளுவோரை அன்று. அந்நெறியே கேளாததை மேலாளர் கேட்பதேன்? மதுரையில் தள்ளுவோர்க்குத் தமிழிலும், மும்பையில் தள்ளுவோர்க்கு மராத்தியிலும் பயிற்சிநூல் அச்சிடட்டும். தேர்வும் அம்மொழியிலேயே நடக்கட்டும்.