கையொப்பத்தின் விலை

கோல்ப் என்னும் பந்தாட்டத்தில், 18 குழிகளிலும் பந்தை மிகக் குறைந்த அடிகளில் வீழ்த்துபவரே வென்றவர் ஆவர். ஒருவர் அடித்த அடிகளை உடன் ஆடுபவர் சீட்டில் குறிப்பார். ஆடியவர் அதனைச் சரிபார்த்துக் கையொப்பம் இடுவார். இட்டுக் கொடுத்தபின் குறைந்த கணக்கு எனத் தெரிந்தால் போட்டியினின்றே நீக்கம். மிகுந்த கணக்காயின் அதுவே நிலைபெறும்.

1968 ஏப்ரல் 14 அன்று அமெரிக்காவில் அகஸ்டா என்னுமிடத்தில் மாஸ்டர்ஸ் போட்டியின் இறுதிச் சுற்று நடைபெற்றது. அர்ஜென்டினா நாட்டு ராபர்ட்டோ டி விசென்சோவுக்கு அன்று 45-ஆம் பிறந்தநாள். முதற்குழியை இரண்டே அடிகளில் முடித்தார். 17-ஆம் குழியை மூன்றடிகளில் முடித்தார். அவர் ஆடிய அடிகள் 65. ஆயின், உடன் ஆடிய டாமி ஏரன் 17-ஆம் குழிக்கு நான்கு என எழுதிவிட்டார். டி விசென்சோ அதனை நோக்காது ஒப்பமிட்டார். 66 என்பதே நிலைத்தது. நான்கு நாள் கணக்கில் அவருக்கு 278. பாப் கோல்பிக்கு 277. இருவரும் சமமாகி மறுநாள் மீண்டும் மோதியிருக்க வேண்டிய போட்டி அக்கணமே முடிந்தது.

“ஆயிரவர் கண்ணாரக் கண்டனரே! தொலைக்காட்சியும் காட்டியதே! திருத்தினால் என்ன?” என்பர் சிலர். யான் அதற்கு உடன்படேன். புகழாளர் பின்னே கூட்டம் செல்லும். அவருக்குச் சான்றுரைப்பார் பலர். எவரும் காணாத மூலையில் ஆடும் எளியவனுக்குச் சான்று யார்? அவன் சீட்டு ஒன்றே அன்றோ? ஒருவருக்கு மட்டும் வளையும் விதி மற்றவருக்கு அநீதியாகும்.

முப்பதாண்டுகள் விடைத்தாள் திருத்திய யானும் கூட்டலில் வழுவியதுண்டு. மாணவன் சுட்டிக்காட்டத் திருத்தியிருக்கிறேன். ஆனால், அவன் தன் தாளைப் பார்த்தான்!

டி விசென்சோ ஏரனைப் பழித்தாரல்லர்; தம் மடமையையே நொந்துகொண்டார். அப்பெருந்தன்மையை உலகம் போற்றியது, போற்றத்தக்கதே. எனினும், என் உள்ளம் இரங்குவது கோல்பிக்கே. அவரும் அன்று 66 அடிகளில் அரிதின் ஆடியவர். பிழை எழுதியவரும் அல்லர்; ஒப்பமிட்டவரும் அல்லர். அவ்வாறிருந்தும், பரிசு தானாக வந்து மடியில் விழுந்தது என்னும் ஏச்சைப் பல்லாண்டு கேட்டார். தவறாத ஒருவர் பிறர் தவற்றின் சுமையைத் தாங்கினார்.

1973-இல் அதே மாஸ்டர்ஸ் இறுதிச் சுற்றில், டாமி ஏரனின் சீட்டில் உடன் ஆடியவர் ஓரடி மிகுதியாக எழுதியிருந்தார். ஏரன் அதனைக் கண்டு திருத்திய பின்னரே கையொப்பமிட்டார். அவ்வாண்டு வென்றவர் அவரே.