பிறந்த பண்டமும் புகுந்த பெயரும்

சப்பான் நாட்டு ‘ஏ.கே.பி. 48’ என்னும் நங்கையர் ஆடல்பாடற் குழுவினர், 2013ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் ‘கோயி சுரு பார்ச்சூன் குக்கி’ என்றொரு பாட்டை வெளியிட்டனர். 10 நூறாயிரத்துக்கு மேல் இசைத்தட்டு விற்றது. கனகவா, சாகா மாநில அரசலுவலர் முதல் வானூர்திப் பணியாளர் வரை அதற்கு ஆடிப் படமெடுத்து வெளியிட்டனர். ஒரு நாடே பாடிய அப்பாட்டின் பெயரைச் சற்றே பிரித்துப் பார்ப்போம். ‘கோயி’ காதல்; பழஞ்சப்பானியச் சொல். ‘சுரு’ செய்தல், அதுவும் அவர்தம் சொல்லே. அடுத்த இரண்டும் ஆங்கிலம். இதிலென்ன புதுமை, நம் வீட்டிலும் இதே கூத்துத்தானே என்பீர். புதுமை அப்பண்டத்தில் உள்ளது.

குறித்தாளை உள்ளே மடித்து வைத்த அம்மாச்சில், அமெரிக்கச் சீன உணவகங்களின் வழியாகவே உலகறிந்தது. ஆயின் அது பிறந்த மண் சப்பானே என ஆய்ந்தோர் காட்டியுள்ளனர். கியோத்தோவில் புசிமி இனாரி கோயிற் பக்கத்துக் கடைகளில் ‘சுசீயுரா செம்பே’ என்னும் பெயரில் இன்றும் அதனைச் சுடுகின்றனர். 1878ஆம் ஆண்டு வெளிவந்த சப்பானிய நூலொன்றில் அதனைச் சுடும் ஓவியமே உள்ளது. கலிபோர்னியாவில் குடியேறிய சப்பானியர் அதனை உடன்கொண்டு சென்றனர். 1942இல் அமெரிக்க அரசு அவர்களை முள்வேலிப் பாடிகளில் அடைத்தபோது தொழில் சீனர் கைக்கு மாறிற்று; ஆங்கிலப் பெயரே நிலைத்தது. அடைபட்டோர் அடுப்பிலிருந்து போன பண்டம் அடைத்தோர் மொழிப் பெயரோடு தாய்வீடு திரும்ப, அப்பெயரையே தாயகம் பாடி மகிழ்ந்தது!

விட்ட பெயரின் அருமையைக் கேளுங்கள். ‘சுசீ’ தெருக்கள் கூடுமிடம், ‘உரா’ குறி. மாலைப்போதில் அத்தகைய இடத்தில் நின்று, வழிச்செல்வோர் தற்செயலாய்ச் சொல்லும் சொல்லைக் கேட்டு வருவதுணரும் பண்டை வழக்கத்தின் பெயர் அது. விரிச்சி கேட்டல் அன்றோ இது! தொல்காப்பியம் சொல்லும் விரிச்சி. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவி நின்று கேட்ட விரிச்சி. (இது கொண்டு இருமொழிக்கும் உறவு காட்ட முனைவார் முனைக; நாம் அதற்கு வரவில்லை.)

சப்பானியரிடம் சொல் இல்லாமலில்லை, காவலும் இல்லாமலில்லை. அயற்சொல்லை அயற்சொல்லென்றே கண்ணுக்குக் காட்டும் ‘கத்தகானா’ எழுத்து அவர்களுக்குண்டு. அந்நாட்டு மொழி ஆய்வு நிறுவனம் 2003 முதல் 2006 வரை நான்கு முறை மாற்றுச்சொற் பட்டியல் வெளியிட்டது. இப்பாட்டு வந்த அதே 2013இல் முதியவர் ஒருவர், ஆங்கிலச் சொற்களை அளவிறந்து பெய்வதால் தம் உள்ளம் நோகிறதென்று, பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் மேல் 14,10,000 யென் கேட்டு வழக்கிட்டார். மறு ஆண்டு நகோயா முறைமன்றம் அதனைத் தள்ளிவிட்டது. பட்டியலும் வழக்கும் எட்டாத வாய்களையெல்லாம் அப்பாட்டு எட்டிற்று. நம் அகரமுதலிகளில் விரிச்சி உறங்குகிறது. எந்தச் சிறுமி வாயில் அது வழங்குகிறது? சொல் திரட்டுவோர் நம்மிடைப் பலர்; அதனை மெட்டில் ஏற்றுவோர் எத்தனை பேர்?

தாய்லாந்தின் ‘பி.என்.கே. 48’ குழுவினர் 2017ஆம் ஆண்டு இறுதியில் இதே மெட்டைப் பாடியபோது, ‘குக்கி’யை விடாவிடினும், ‘பார்ச்சூன்’ இருந்த இடத்தில் குறிபார்த்தலைச் சுட்டும் தம்மொழிச் சொல்லை இட்டனர். அந்நாட்டு மக்களும் அப்பெயராலேயே அதனை அறிந்து பாடினர். தமிழில் எவரேனும் பாட முன்வரின், ‘விரிச்சி மாச்சில்’ என்க. நாவுக்கும் எளிது.