சிற்றூர்க்குச் சாக்கடை எதற்கு?

அகன்ற தெரு, மின்விளக்கு, நிலத்தின்கீழ்ப் புதைத்த கழிவுக்குழாய் ஆகிய மூன்றுமே ஊரமைப்பு என்று நகரத்துப் பொறிஞர் நமக்குக் கற்பித்துவிட்டனர். அதனால் ஐந்நூறு வீடுகளே உள்ள சிற்றூரும் தனக்கொரு ‘பாதாளச் சாக்கடை’ வேண்டுமென்று அரசிடம் கையேந்தி நிற்கின்றது. பெயரோ வடசொல், பொருளோ படுகுழி!

கழிவு தானே ஓடாது. நீர்தான் அதனை ஓட்ட வேண்டும். மலம் தங்காதிருக்க, நாளில் ஒரு முறையேனும் குழாயில் நொடிக்கு ஈரடி விரைவில் நீர் பாய்தல் வேண்டும். எனவேதான், சாக்கடையுள்ள நகரில் ஆளொருவர்க்கு நாளொன்றுக்கு 135 இலிட்டர் நீர் வேண்டுமென நடுவணரசின் பொறியியற் கையேடே கூறுகின்றது. அதே நடுவணரசு 2019-இல் தொடங்கிய குடிநீர்த் திட்டத்தில் சிற்றூரார்க்கு வகுத்த அளவோ 55 இலிட்டர்! இந்நீரை நம்பி அக்குழாயைப் புதைத்தால் என்னாகும்? மலம் தங்கும், குழாய் அடைக்கும், உள்ளே நச்சுவளி திரளும்.

அடைத்த குழியுள் யார் இறங்குவார்? திட்டம் தீட்டிய பொறிஞரா? திறந்துவைத்த அமைச்சரா? பிறப்பால் தாழ்த்தப்பட்ட நம் உடன்பிறப்பே இறங்குவான், மூச்சடங்கி மாள்வான். மலமள்ளும் இழிவை ஒழிக்க 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் வந்தன. சாக்கடையுள் மாண்டவரின் குடும்பத்திற்குப் பத்து இலக்கம் உருபா தருகவென 2014-இல் உச்ச முறைமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அதனை முப்பது இலக்கமாக உயர்த்தியது. இழப்பீடு ஏறிற்று, சாவு நின்றதா? மாந்தன் இறங்கியே தீரவேண்டிய குழியைத் தோண்டிவிட்டு, ‘இறங்காதே’ என்று சட்டமெழுதுவது யாரை ஏய்க்க?

‘சாக்கடை வேண்டாவெனின் நாற்றத்திலேயே கிடப்பதோ?’ என்பார்க்கு விடை இதுவே: வீட்டுக்கொல்லையில் இரட்டைக்குழிக் கழிப்பிடம் அமைக்க. ஒரு குழி நிறைந்தால் அதனை மூடி, மற்றதைப் பயன்படுத்துக. ஈராண்டில் மூடிய குழியின் மலம் நாற்றமற்ற எருவாய்விடும். கிணற்றினின்று 33 அடி தள்ளியும், குழியடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே ஆறேழடி மண் இருக்குமாறும் அமைத்தல் வேண்டும். குளிநீரும் அடுக்களை நீரும் வாழைக்கும் கல்வாழைக்கும் பாயட்டும். கொல்லையற்ற நெருக்கமான தெருவிற்கும் வழியுண்டு: திருச்சி மாவட்டத்து முசிறியில், மலத்தையும் சிறுநீரையும் பிரித்து எருவாக்கும் பொதுக் கழிப்பிடம் இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே எழுந்துவிட்டது.

ஆகவே, மனை பிரிக்கும்பொழுதே கொல்லைக்கு இடம் விடுவதே சிற்றூரமைப்பின் முதல் விதி. அடுத்த ஊரவைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்: ‘இக்குழாய்க்கு நீர் எங்கே? அடைத்தால் இறங்குவோன் யார்?’ இவ்விரு வினாக்கட்கும் விடையில்லாத திட்டத்திற்கு ஒரு கையும் உயர வேண்டா!

தமிழ்நிலத்திற்கு எரு வேண்டும். தமிழனின் பிணம் வேண்டா!