ரீபோர் பண்ண முடியாத இன்ஜின்

மோட்டார் பைக் புகை கக்க ஆரம்பித்தால் நமக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ரீபோர். மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றி லேத்துக்கு அனுப்புவார். தேய்ந்த துவாரத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனைப் போட்டு, 'ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டுங்க சார்' என்று சாவியைக் கொடுப்பார்.

இந்த வைத்தியம் செல்லாத ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. மாஸ்டா ஆர்.எக்ஸ்-8. ஜப்பான்காரர்கள் 2003-லிருந்து 2012 வரை தயாரித்தது. அதன் இன்ஜினுக்கு 2003-ல் 'ஆண்டின் சிறந்த இன்ஜின்' என்று சர்வதேச விருதெல்லாம் கொடுத்தார்கள். சொந்தக்காரர்களுக்குச் சில வருஷங்களிலேயே அது தலைவலியையும் கொடுத்தது.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்தக் கார் செகண்ட் ஹாண்டில் மலிவு. ஏன் இவ்வளவு மலிவு என்று யோசிக்காமல் சம்பளக்கார இளைஞர்கள் வாங்கிவிடுகிறார்கள். ஒரு நாள் பெட்ரோல் போட நிறுத்தின வண்டி, சூடாக இருக்கும்போது மறுபடி கிளம்ப மறுக்கிறது. ஆறினால் ஒன்றும் நடக்காத மாதிரி கிளம்புகிறது. அதுதான் முதல் அறிகுறி. அடுத்து மெக்கானிக் சொல்லும் தொகை காரின் விலையைத் தொடும், சில சமயம் தாண்டும். இருக்கிற இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிப்பதா, வேறு இன்ஜின் வாங்கி மாட்டுவதா, காரையே காயலான் கடைக்கு அனுப்புவதா?

பதில் சொல்வதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். உள்ளே பிஸ்டனே கிடையாது. இடுப்பு லேசாக ஒடுங்கிய முட்டை வடிவ அறை. அதற்குள் பக்கங்கள் உப்பிய முக்கோணம் ஒன்று சுற்றுகிறது. சமோசா என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் மூன்று மூலைகளும் சுவரை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே போகும். சமோசாவுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடத்தில்தான் பெட்ரோல் உறிஞ்சப்பட்டு, அமுக்கப்பட்டு, எரிந்து, புகையாக வெளியேறுகிறது. இரண்டே சமோசா, மொத்தம் 1.3 லிட்டர். உயர்ந்த மாடலில் 230 குதிரை சக்திக்கு மேல் தருகிறது, நிமிஷத்துக்கு 9,000 சுற்று வரை கூவுகிறது.

மூலைக்கு ஒன்றாக ஆறு மெல்லிய உலோகப் பட்டைகள். பெயர் அபெக்ஸ் சீல். இந்த இன்ஜினின் ஆயுள் இந்த ஆறு பட்டைகளிடமும் அவை உரசும் சுவரிடமும் இருக்கிறது. பட்டை தேய்ந்தால் புதுசு போடலாம். சுவர் போனால் கதை வேறு. அலுமினிய அறையின் உள்பக்கம் குரோமியம் பூசியிருக்கும். அது உரிந்துவிட்டால் கடைந்து பெரிதாக்க முடியாது. ஓவர்சைஸ் சமோசா எந்தக் கடையிலும் விற்பதில்லை.

இது புது வியாதியும் இல்லை. 1967-ல் ஜெர்மனியின் என்.எஸ்.யு. கம்பெனி 'ரோ 80' என்று ஒரு கார் விட்டது. அதே சுழலும் இன்ஜின், அதே சீல் தொல்லை. கம்பெனி வாரன்டியில் இன்ஜின் இன்ஜினாக மாற்றிக் கொடுத்துத் தள்ளாடி, 1969-ல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது. எதிரெதிரே வரும் இரண்டு ரோ 80-காரர்கள் விரலை நீட்டி, இதுவரை எத்தனை இன்ஜின் மாற்றியாயிற்று என்று சொல்லிக்கொள்வார்கள் என்று அந்தக் காலத்தில் ஒரு ஜோக் உண்டு. மாஸ்டாவில் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 இன்ஜினீயர்கள் உட்கார்ந்து, சுவரில் விழுந்த கீறல்களுக்கு 'பிசாசின் நகக்கீறல்' என்று பெயர் வைத்து, வருஷக்கணக்காகப் போராடித்தான் இதை வழிக்குக் கொண்டுவந்தார்கள். 1991-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தையே இந்த வகை இன்ஜின் ஜெயித்தது. ஆக, தத்துவத்தில் கோளாறு இல்லை. தேய்மானத்தில்தான்.

இப்போது முடிவுக்கு வருவோம். முதல் வேலை, கம்ப்ரஷன் பார்ப்பது. சாதாரண கேஜ் உதவாது. சமோசாவின் மூன்று பக்கங்களில் எது அதிகமோ அதை மட்டும் காட்டும். மூன்று பிள்ளைகளில் நன்றாகப் படிக்கிறவனின் மார்க்கை மட்டும் சொல்லும் அப்பா மாதிரி. மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் கருவி இதற்கென்றே இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 8.5 கிலோ வந்தால் ஆரோக்கியம். 6.9-க்குக் கீழே போனால் இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு.

பிரித்தபின் பார்க்க வேண்டியது சுவரை. குரோமியம் நன்றாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், புதுப்பித்துவிடலாம். சீல், ஸ்பிரிங், ரப்பர் வளையங்கள், இந்த இன்ஜினிலேயே கை பழகின ஒரு மெக்கானிக், இவ்வளவுதான் செலவு. சுவர் போயிருந்தால் இரண்டு புது அறைகளும் வாங்க வேண்டும். அதன் விலையைக் கூட்டிப் பார்த்தால், பழைய இன்ஜினைக் கொடுத்துவிட்டு, பட்டறையில் ஏற்கெனவே புதுப்பித்து வைத்திருக்கும் இன்ஜினை வாரன்டியோடு வாங்குவது பெரும்பாலும் லாபம்.

மூன்றாவது வழி, உடைத்த காரிலிருந்து எடுத்த இன்ஜின். விலை குறைவு. 'ஜப்பான்ல ஓடினது சார், சிங்கிள் ஓனர், நாப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஆகலை' என்பார்கள். கல்யாணத் தரகர் பேச்சுக்கு உண்டான மரியாதையை இதற்கும் கொடுங்கள். ஆறு பக்கத்துக்கும் கம்ப்ரஷன் எண்களை எழுதிக் கொடுத்தால் வாங்கலாம். கொடுக்காவிட்டால், ஒருத்தர் தலைவலி என்று கழற்றிப் போட்டதை நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

'என்ன இருந்தாலும் ஒரிஜினல் இன்ஜின் ஆச்சே' என்று மனசு கேட்காது. அபூர்வமான பழைய ஃபெராரிக்கு அது சரி. சேஸிஸ் நம்பருக்கேற்ற இன்ஜின் இருந்தால்தான் அங்கே விலை. ஆர்.எக்ஸ்-8-ஐ 1 லட்சத்து 90 ஆயிரத்துக்கு மேல் தயாரித்திருக்கிறார்கள். சென்டிமென்டுக்கு இங்கே தனி விலை கிடையாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கேள்வி பாக்கி. பழைய இன்ஜின் ஏன் செத்தது? இந்தக் காரில் பல சமயம் குற்றவாளி இக்னிஷன் காயில். அது பலவீனமானால் பெட்ரோல் முழுசாக எரியாமல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். கன்வர்ட்டர் உருகி அடைத்துக்கொள்ளும். வெளியே போக வழியில்லாத சூடு இன்ஜினையே வறுத்துவிடும். காயிலை மாற்றாமல் புது இன்ஜின் போடுவது, ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே புது மெத்தை விரிக்கிற காரியம். ஆறு மாசமோ ஒரு வருஷமோ, மறுபடி அதே பட்டறை வாசல்.

இன்னொரு குற்றவாளி எண்ணெய்ப் பஞ்சம். சீல்கள் வறளாமலிருக்க இந்த இன்ஜின் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயை உள்ளே பீய்ச்சி எரிக்கிறது. ரிப்பேர் இல்லை, பிறவிக் குணம். 2009 மாடலில் பீய்ச்சும் இடங்களைக் கம்பெனியே அதிகப்படுத்தியது. அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு இன்ஜின் வாரன்டியை 8 வருஷம் அல்லது 1 லட்சம் மைல் என்று நீட்டவும் செய்தது. இது தெரியாதவர்கள், சர்வீஸுக்குச் சர்வீஸ் எண்ணெய் மாற்றினால் போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட வேண்டும். அதற்கு ஆகும் செலவு, துடைக்க ஒரு பழைய பனியன்.